ஏழு வருஷம் பிரியாத தையல்

இந்த ஊரில் தையல்காரியிடம் புதுத் துணி கொண்டுவருகிறவர் யாருமில்லை. போட்டுப் பழசானதைத்தான் கொண்டுவருவார்கள், குட்டையாக்கு, லூசாக்கு, ஜிப் மாற்று என்று. ஆக்லாந்தில் மவுண்ட் ரோஸ்கில் பக்கம், டெய்ரி என்று இங்கே சொல்கிற ஒரு மூலைக் கடைக்கும் ஒரு முடிவெட்டும் கடைக்கும் நடுவில், பத்தடிக்குப் பத்தடி ஆல்ட்டரேஷன் கடை என்னுடையது. திருப்பூர் பனியன் கம்பெனியில் டெய்லருக்குத் துணி மடித்துக் கொடுக்கும் கைமடியாகச் சேர்ந்து டெய்லராக உயர்ந்தவள் நான். படிப்பு எட்டாவது வரைக்கும்தான். பென்ரோஸில் ஃபிட்டராக இருந்த என் வீட்டுக்காரர் தவறிப்போனார். மகள் சிட்னிக்கும் மகன் வெலிங்டனுக்கும் போனார்கள். வீட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்காருவதற்கு மிஷினைப் பார்த்துக்கொண்டு உட்காரலாமே என்று போட்ட கடை இது.

ஒரு நாளைக்கு நாலு பேர் வந்தால் அதிகம். அந்த நாலு பேரும் பையை வைத்துவிட்டு "வியாழக்கிழமை?" என்பார்கள். நானும் "வியாழக்கிழமை" என்பேன். அன்றைக்குப் பேச்சு முடிந்தது. தனியாக மிஷின் மிதிக்கிற சகோதரிகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அப்படிப்பட்ட கடைக்குள் இத்தாலிக் கால்பந்து எப்படி வந்தது என்பதைத்தான் சொல்லப் போகிறேன்.

கை அகலத் துணி

2011இல், குளிர் ஆரம்பித்த ஒரு சனிக்கிழமை, மூன்று வயதானவர்கள் ஒன்றாக உள்ளே வந்தார்கள். என் கடையில் மூன்று பேர் ஒன்றாக நின்றதே இல்லை. ஏதோ விலாசம் கேட்க வந்தவர்கள் என்று நினைத்தேன். ரென்ஸோ, ஆல்தோ, பீனோ. இளவயதில் இத்தாலியிலிருந்து கப்பலேறி வந்து, இங்கே கான்கிரீட் வேலை செய்து, ரிட்டயர் ஆனவர்கள். சனிக்கிழமைதோறும் சீட்டாடுகிறவர்கள். ரென்ஸோ ஒரு கோட்டையும் கை அகலத்தில் ஒரு துணிக் கேடயத்தையும் மேசைமேல் வைத்தார். பச்சை, வெள்ளை, சிவப்பு.

விஷயம் இதுதான். இத்தாலியில் முதல் வரிசை அணிகளுக்கு வருஷா வருஷம் போட்டி நடக்கும். ஜெயித்த அணி அடுத்த வருஷம் முழுக்க நெஞ்சில் இந்த மாதிரி கேடயம் தைத்துக்கொண்டு ஆடலாம். அடுத்த வருஷம் தோற்றால் இறக்கிவிட வேண்டும். இந்த மூன்று பேரும் தங்களுக்குள் அதே சட்டம் வைத்திருந்தார்கள். கேடயம் ஒன்றுதான். யாருடைய அணி ஜெயிக்கிறதோ அவர் கோட்டில் அது ஒரு வருஷம் இருக்கும். இறக்கும்போது தோற்றவர் பக்கத்தில் நிற்க வேண்டும். மூவரில் யாருடைய அணியும் ஜெயிக்காவிட்டால் கேடயம் சீட்டுப் பெட்டிக்குள் போய்விடும். அணிகளின் பெயர் என் வாயில் நுழையாது. நூல்கண்டு நிறத்தை வைத்துத்தான் ஞாபகம் வைத்துக்கொண்டேன். ரென்ஸோவுக்கு மிலான் நகரத்துச் சிவப்பு கறுப்பு. ஆல்தோவுக்குத் துரின் நகரத்துக் கறுப்பு வெள்ளை. பீனோவுக்கு வெரோனா, மஞ்சள் நீலம். அந்த வருஷம் சிவப்பு கறுப்பு ஜெயித்திருந்தது. அதற்கு முந்தைய ஐந்து பட்டமும் மிலானின் இன்னொரு அணிக்கு, நீலம் கறுப்புக்குப் போனதால், கேடயம் அத்தனை நாளும் பெட்டிக்குள் கிடந்ததாம்.

நான் கேடயத்தைத் திருப்பிப் பார்த்தேன். ஓரம் முழுக்கக் காஜா தையல், கையால் எடுத்தது, அரிசி அடுக்கின மாதிரி நெருக்கமாக. இது கம்பெனித் தையல் இல்லை, ஒரு பெண்ணின் கை என்று பார்த்ததும் தெரிந்தது. யார் தைத்தது என்று கேட்டேன். பீனோ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ரென்ஸோதான் சொன்னார்: "பீனோவோட சம்சாரம் தைச்சது. 1985ல வெரோனா ஜெயிச்சப்போ. வருஷா வருஷம் ஏத்தறதும் இறக்கறதும் அவங்கதான். இப்போ அவங்க இல்ல. அதான் உங்ககிட்ட வந்திருக்கோம், சின்யோரா."

கெட்டியாகத் தைத்தது

அடுத்த வருஷம் அதே நாட்களில் மூவரும் வந்தார்கள். ஆல்தோவின் கறுப்பு வெள்ளை ஜெயித்துவிட்டது. நான் முன்வருஷம் கையால் போட்ட தையலைப் பிரிக்கப் பிரிக்க, சட்டப்படி ரென்ஸோ தொப்பியைக் கழற்றிவிட்டுப் பக்கத்தில் நின்றார். ஆல்தோ சிரித்துக்கொண்டே பாட, ரென்ஸோ திட்ட, பீனோ இரண்டு பேரையும் அடக்க, என் பத்தடிக் கடை கல்யாண வீடு மாதிரி ஆகிவிட்டது. இஞ்சி தட்டி டீ போட்டுக் கொடுத்தேன்.

ஆல்தோவுக்கு ஒரு பழைய காயம் உண்டு. சில வருஷங்களுக்கு முன்னால் அவர் அணி ஜெயித்த இரண்டு பட்டங்களை ஏதோ விசாரணை வைத்துத் திரும்ப வாங்கிவிட்டார்களாம். போட்டிருந்த கேடயத்தை அவர் பாதியில் இறக்க வேண்டியதாகிவிட்டது. அதனால், "இந்தத் தடவை எவனும் பிடுங்க முடியாதபடி கெட்டியா தைங்க" என்றார். திருப்பூர்க்காரியிடம் கெட்டியாகத் தை என்று சொன்னால் கேட்க வேண்டுமா! மிஷினில் இரண்டு சுற்று, மூலைக்கு மூலை முன்னும் பின்னும் ஓட்டி, எக்ஸ்போர்ட் குவாலிட்டியில் அடித்துக் கொடுத்தேன். பீனோ குனிந்து அந்தத் தையலைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார், சொல்லவில்லை. அவர்கள் போன பிறகு பக்கத்து டெய்ரியில் இருக்கும் ஃபிஜிப் பெண் எட்டிப் பார்த்தாள். "என்ன ஆன்ட்டி, இன்னைக்குத்தான் உங்க கடையில ஆள் இருக்கற சத்தமே கேட்குது!"

இரண்டு நாற்காலி

அந்த ஒரு நாளை நான் வருஷம் முழுக்க வைத்துக்கொண்டிருந்தேன். அடுத்த வருஷம் தயாராக இருக்க வேண்டுமென்று பழைய சாமான் கடையில் இரண்டு நாற்காலி வாங்கிப் போட்டேன். மே கடைசிச் சனிக்கிழமை முறுக்குச் சுட்டு டப்பாவில் எடுத்துவந்தேன். கதவு மணி இரண்டு தடவை அடித்தது. ஒன்று ஒரு கால்சட்டை, இன்னொன்று ஒரு திரைச்சீலை. ஐந்து மணிக்கு டப்பாவை டெய்ரிப் பெண்ணிடம் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனேன்.

திங்கட்கிழமை ஆல்தோ கடை வழியாகப் போனார். நெஞ்சில் கேடயம் அப்படியே இருந்தது. ஓடிப்போய்க் கூப்பிட்டேன். சனிக்கிழமை ஏன் வரவில்லை என்றேன். எதற்கு வரவேண்டும் என்று அவருக்குப் புரியவேயில்லை. "மறுபடியும் நாங்கதானே ஜெயிச்சோம்! பிரிக்கவும் வேண்டாம், தைக்கவும் வேண்டாம். உங்களுக்கும் வேலை மிச்சம், சின்யோரா!"

மன்றாட்டு மாலை

அதற்கடுத்த வருஷமும் கறுப்பு வெள்ளைதான். பீனோ மட்டும் இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை தனியாக வர ஆரம்பித்தார், ஒரு பட்டனைக் கையில் வைத்துக்கொண்டு. தானாக அறுந்த பட்டனில் நூல் பிசிறியிருக்கும். இவர் பட்டனில் நூல் கத்தரியால் வெட்டின மாதிரி இருக்கும். எனக்குத் தெரியும். நான் கேட்கவில்லை. நாற்காலியைத் துடைத்துப் போட்டுவிட்டு, ஒரு பட்டனை அரைமணி நேரம் தைத்தேன்.

அவர் பேச்செல்லாம் யார் யார் எந்த வருஷம் ஜெயித்தது என்பதுதான். ஆரம்பத்தில் ஜெனோவாவாம், துறைமுக ஊர். அப்புறம் வெர்செல்லி, சுற்றிலும் நெல் விளைகிற சின்ன ஊர். அது ஏழு தடவை ஜெயித்ததாம். துரினிலேயே மாதுளை நிறத்தில் இன்னொரு அணி, வரிசையாக ஜெயித்துக்கொண்டிருந்தபோது விமானத்தில் வந்த அத்தனை பேரும் மலைமேல் இருந்த மாதா கோயிலில் மோதி இறந்துபோனார்களாம். மிச்சமிருந்த ஆட்டங்களில் அந்த அணி சின்னப் பையன்களை இறக்க, எதிர் அணிகளும் தங்கள் சின்னப் பையன்களையே இறக்கினார்களாம். இதைக் கேட்டு நான் ஊசியை வைத்துவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டேன்.

ஒரு நாள் அவர் பாட்டுக்கு ராகமாக வரிசை சொல்லிக்கொண்டிருந்தார். பொலோனியா, புளோரன்ஸ், தீவிலிருந்து வந்து ஒரே ஒரு தடவை ஜெயித்த காலியரி, ரோம். என் கை தைத்துக்கொண்டிருக்க, என் வாய் கோயிலில் புனிதர்கள் பெயருக்குச் சொல்லிப் பழகின பழக்கத்தில், ஒவ்வொரு பெயருக்கும் "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. அவர் நிறுத்தி, என்ன அது என்று கேட்டார். வெட்கத்தோடு சொன்னேன். பட்டன் குதிக்கிற மாதிரி சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அவங்களுக்கெல்லாம் வேண்டாம், சின்யோரா. வெரோனாவுக்கு மட்டும் சொல்லுங்க. சாகறதுக்குள்ள அவ தைச்சதை இன்னொரு வருஷம் போட்டுக்கணும்" என்றார்.

யார் ஆடுகிறார்கள்

நாலாவது வருஷமும் கறுப்பு வெள்ளை ஜெயித்ததும் ரென்ஸோ கோபமாக வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. பீனோவின் மனைவி எப்போதும் வெறுமனே நூலோட்டித்தான் வைப்பார்களாம். இழுத்தால் ஒரே இழுப்பில் வந்துவிடுமாம். அடுத்த வருஷம் இன்னொருத்தர் கோட்டுக்குப் போக வேண்டிய துணியை யாராவது மிஷினில் அடிப்பார்களா என்று கேட்டார்.

முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று எனக்குத் தெரியவில்லை. பீனோ அன்றைக்கு வாயெடுத்துவிட்டுச் சொல்லாமல் போனது அப்போதுதான் புரிந்தது. தையல் பிரிந்தால் கூலியைப் பிடிக்கிற இடத்தில் தொழில் படித்தவள் நான்; பிரிவதற்காகத் தைக்கிறது என்று ஒன்று இருப்பது எனக்கு எப்படித் தெரியும்? கோட்டைக் கொண்டுவாருங்கள், பிரித்து நூலோட்டித் தருகிறேன் என்றேன். ஆல்தோ சம்மதிக்க மாட்டார் என்றார். கதவைத் திறந்துவிட்டு, கண்ணில் சிரிப்பில்லாமல் சொன்னார்: "நாலு வருஷமா அங்க பதினோரு பேரும் சும்மாதான் நிக்கறாங்க. ஆடறது உங்க நூல்தான், சின்யோரா!"

அடுத்த பாவம்

இது மனசில் முள்ளாக இருந்தது. தையலால் யாரும் ஜெயிப்பதில்லை என்று எனக்கும் தெரியும். ஆனாலும் ராத்திரி ஜெபமாலை முடிந்ததும், மாதாவே, கறுப்பு வெள்ளை ஒரு வருஷம் தோற்கட்டும், அவர்கள் மூன்று பேரும் கடைக்கு வரட்டும் என்று சேர்த்துச் சொல்ல ஆரம்பித்தேன். பிறகு பயம் வந்தது. முகம் தெரியாத பிள்ளைகள் தோற்க வேண்டுமென்று வேண்டுவது பாவமில்லையா?

தவக்காலத்தில் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனபோது சொல்லிவிட்டேன். எங்கள் ஃபாதர் மலையாளி, தமிழ் வரும். எந்த அணி என்று கேட்டார். சொன்னேன். தட்டிக்குப் பின்னால் பெருமூச்சு விட்டார். "சேச்சி, அதுக்குப் பாதி இத்தாலி ஏற்கெனவே ஜெபிச்சிட்டிருக்கு, ஒண்ணும் நடக்கல. அடுத்த பாவத்தைச் சொல்லுங்க."

நாப்போலிக்கு ஒரு மெழுகுவத்தி

2018க்குள் சீட்டு மேசை கலைந்துவிட்டது. கேடயத்தைப் பற்றி ஆரம்பித்த சண்டையில் ரென்ஸோவும் ஆல்தோவும் பேச்சை விட்டார்கள். ரென்ஸோ மெல்பர்னில் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். பீனோ குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பு உடைந்து, பாபகூராவில் ஒரு முதியோர் இல்லத்தில் சேர்ந்தார். பட்டன் வருவது நின்றது. இரண்டு நாற்காலியிலும் துணிப் பைகள் உட்கார்ந்துகொண்டன.

அந்த வருஷம் நாப்போலி, வெளிர் நீலம், கிட்ட வந்தது. அது மூவரில் யாருடைய அணியும் இல்லை. ஆனால் நாப்போலி ஜெயித்தால் கேடயம் பெட்டிக்குத் திரும்ப வேண்டும். திரும்ப வேண்டுமானால் பிரிக்க வேண்டும். பிரிக்க என்னிடம்தான் வரவேண்டும். ஏப்ரலில் அவர்கள் துரினுக்கே போய்க் கறுப்பு வெள்ளையைத் தோற்கடித்தார்கள். நான் கோயிலில் ஒரு பெரிய மெழுகுவத்தி ஏற்றினேன். அடுத்த வாரமே புளோரன்ஸில் நாப்போலி தோற்றது. ஞாயிற்றுக்கிழமை மகன் கூப்பிட்டபோது இதைச் சொல்லி அழுதுவிட்டேன். அவன் பயந்துபோனான். உங்களுக்கு ஆஃப்சைடு என்றால் என்னவென்று தெரியுமா என்று கேட்டான். தெரியாதுப்பா, கடைக்கு ஆள் வந்தால் போதும் என்றேன். "அதுக்கு ஒரு அணி தோக்கணுமாம்மா? நாங்க வரமாட்டோமா?"

தோற்றவர் நிற்க வேண்டும்

வருவார்கள். டிசம்பரில் வருவார்கள்.

2019 ஜூனில் ஒரு சனிக்கிழமை, கதவு மணி அடித்தது. ஆல்தோ, தனியாக. இளைத்திருந்தார். கோட்டைக் கழற்றி மேசைமேல் போட்டு, "பிரிங்க" என்றார். "யார் ஜெயிச்சது?" என்றேன். "நாங்கதான். எட்டாவது தடவை." "அப்புறம் ஏன்?" அவர் துணிப் பையை எடுத்துக் கீழே வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். சனிக்கிழமை மேசையில் தனியாக உட்கார்ந்து சீட்டு அடுக்குகிறாராம். நெஞ்சில் கேடயத்தோடு பஸ்ஸில் போனால், அது என்ன பள்ளிக்கூட பேட்ஜா என்று கேட்கிறார்களாம். இதைப் பார்த்து வயிறெரிய இந்த ஊரில் ஒருத்தர்கூட மிச்சமில்லையாம்.

நான் பிரிக்கிற கத்தியை எடுத்ததும் அவர் எழுந்து, தொப்பியைக் கழற்றிவிட்டுப் பக்கத்தில் வந்து நின்றார். அதைப் பார்க்காத மாதிரி நான் குனிந்துகொண்டேன். என் தையலைத் திட்டிக்கொண்டே என் தையலைப் பிரித்தேன். பழைய துணி கிழியக் கூடாது, அந்த அம்மாவின் காஜா ஓரம் அறுந்துவிடக் கூடாது. ஒவ்வொரு கண்ணியாக அறுக்க ஒரு மணி நேரத்துக்குமேல் ஆகிவிட்டது. கேடயம் கையில் வந்ததும் பார்த்தால், ஏழு வருஷ வெயிலில் கோட்டு வெளுத்திருக்க, கேடயம் இருந்த இடம் மட்டும் அதே வடிவத்தில் கருகருவென்று இருந்தது. ஆல்தோ அதன்மேல் கையை வைத்தார். "பாத்தீங்களா, இதை எவனாலயும் பிடுங்க முடியாது."

பாபகூரா ரயில்

அடுத்த சனிக்கிழமை கடையைச் சாத்திவிட்டு, ஊசியும் மூன்று நிற நூலும் முறுக்கு டப்பாவும் எடுத்துக்கொண்டு ஆல்தோவோடு பாபகூராவுக்கு ரயிலேறினேன். கேடயம் அவர் சட்டைப்பையில் இருந்தது. ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

பீனோ ஜன்னலோரம் பழுப்புக் கம்பளிச் சட்டையில் உட்கார்ந்திருந்தார். ஆல்தோ கேடயத்தை அவர் மடியில் வைத்தார். பீனோ அதைப் பார்த்தார், ஆல்தோவைப் பார்த்தார். "வெரோனா ஜெயிச்சுதா?" "இல்ல. இரண்டாம் வரிசையிலேர்ந்து மேல வந்திருக்கு." "மேல வர்றது வேற, ஜெயிக்கறது வேற. சட்டம் சட்டம்தான்." ஆல்தோ தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி தலையைக் குனிந்து நின்றார். பீனோ வெகு நேரம் பார்த்துக்கொண்டேயிருந்தார். பிறகு நெஞ்சை நிமிர்த்திக் காட்டினார், எனக்கு.

முழங்கால் போட்டு உட்கார்ந்து தைத்தேன். என் மிஷின் ஊசி குத்தின ஓட்டைகளுக்கு நடுவில், பெரிய பெரிய ஓட்டைகளாக, அந்த அம்மா நூலோட்டின தடம் இன்னும் இருந்தது. அதன் வழியாகவே ஊசியை விட்டேன். கை மட்டும் பழக்கதோஷத்தில் நூலை இறுக்கி இழுத்தது. பீனோ தன் எலும்புக் கையை என் கைமேல் வைத்து நிறுத்தினார். "லூசா, சின்யோரா, லூசா. மே மாசம் இவனுக்குத் திருப்பிக் கொடுக்கணும்."

தையல் பிரியக் கூடாது என்று திருப்பூரில் படித்ததை நான் மறப்பதற்கு, பாவம், இத்தாலியில் ஒரே அணி எட்டு வருஷம் ஜெயிக்க வேண்டியதாகிவிட்டது.